இருபத்தாறில் இருபத்து மூன்று பேர்

"26 மாணவர்களில் 23 பேர் இன்றைய பாட நோக்கத்தை அடைந்தனர். 3 மாணவர்களுக்குக் குறைநீக்கல் போதனை வழங்கப்பட்டது."

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திய யாருக்கும் இந்த வரியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நாள் பாடத்திட்டத்தின் கடைசிப் பெட்டியில், 'சிந்தனை மீட்சி' (நடந்த பாடத்தைத் திரும்பிப் பார்ப்பது) என்ற தலைப்புக்குக் கீழே எழுதுகிற வரி. எண்ணை மட்டும் மாற்றினால் போதும். பயிற்சி ஆசிரியையாக இருந்தபோது நான் அதை முன்கூட்டியே தட்டி வைத்துவிடுவேன். பாடம் காலை எட்டு மணிக்கு; சிந்தனை மீட்சி முதல்நாள் இரவே தயார். நடக்காத பாடத்தை மீட்டுப் பார்த்த பெருமை எனக்கு உண்டு.

2019 ஜூலையில் இரண்டாம் கட்டப் பிராக்டிகத்துக்கு, அதாவது பள்ளியில் செய்யும் கற்பித்தல் பயிற்சிக்கு, எனக்குக் கிடைத்த பள்ளி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருந்தது. ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் வழியில் உள்ள ஊர். சரித்திரப் புத்தகத்தில் இந்த ஊர் 1948 ஜூன் 16ஆம் தேதியோடு வரும்: மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. எங்கள் வீட்டில் அது அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளிகளின் பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாரே, அதில் பங்கு வாங்கியவர் என் பாட்டி. பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பாட்டி, பிற்காலத்தில் ஆயாக்கொட்டாயில், தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், பிள்ளை பார்த்தார். இப்போது சுற்றிலும் செம்பனைதான், எண்ணெய்ப்பனை. வேலை செய்பவர்களும் பெரும்பாலும் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள். நம் பிள்ளைகள் தாமான் என்கிற குடியிருப்புகளிலிருந்தும், மிச்சமிருக்கிற தோட்டத்து லயங்களிலிருந்தும் வேனில் பள்ளிக்கு வருகிறார்கள். நான் சித்தி வீட்டில் தங்கி, சித்தப்பாவின் பழைய மோட்டாரில் போய்வந்தேன்.

முதல் வாரம் புதன்கிழமை என் வழிகாட்டி ஆசிரியர் கோப்பைப் புரட்டினார். இருபத்தெட்டு ஆண்டு சர்வீஸ் போட்டவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "அந்த மூணு பேர் யாரும்மா?" என்று கேட்டார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்று என்பது நான் ஒரு கணக்குப் போட்டு வைத்த எண். இருபத்தாறு பேரும் அடைந்தார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பத்துப் பேர் அடையவில்லை என்றால் என் மதிப்பெண் போய்விடும். மூன்று பத்திரமான எண். அவர் திட்டவில்லை. "கோப்புக்கு நானும் இப்படித்தான் எழுதுறேன். உனக்குன்னு வேற ஒண்ணு வச்சுக்க" என்றார். மணி அடித்தது, எழுந்து போய்விட்டார்.

அன்று மாலையே கடைக்குப் போய் தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். விரிவுரையில் படித்தது கையில் இருந்தது. சிந்தனை மீட்சிக்கு 1988இல் கிப்ஸ் என்பவர் வகுத்த ஆறு படி: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்று எது தீது, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்து என்ன செய்வேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வசதியான சக்கரம். அதை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் இரண்டாம் படியிலேயே விடிந்துவிடும். முதல் பத்து நாளில் நான் எழுதியது நாற்பது பக்கம். இன்று எடுத்துப் படித்தால் அதில் ஒரு பிள்ளைகூட இல்லை. என் பயம், என் குரல் அடைத்துப்போனது, விரிவுரைஞர் வரும் நாளில் புரொஜெக்டர் எரியாதது, எனக்கு வந்த அழுகை. எழுதியதும் மனசு லேசானது உண்மைதான். மறுநாள் பாடத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மனப்பாரத்தை இறக்குவது ஒரு வேலை, பாடத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நோட்டில் போட்டால் முதலாவது இரண்டாவதைத் தின்றுவிடும். என் அனுபவத்தில் அப்படித்தான்.

சித்திதான் வழி காட்டினார், அதுவும் தெரியாமல். இரவு பதினொரு மணிக்கு நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "என்ன அவ்ளோ எழுதுற? மளிகைக்கடை ஐயா எங்க கடன எல்லாம் இந்தா இத்தூண்டுலதான் எழுதுவாரு, ஒரு காசு விட்டுப்போகாது" என்று சொல்லி அலமாரியிலிருந்து ஒரு 555 புத்தகத்தைத் தூக்கிப் போட்டார். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், உள்ளங்கை அளவு நோட்டு, கடைக்கடன் எழுத என்றே பிறந்தது. அது நான் உடுத்தும் பாஜு கூரோங் உடையின் பையில் அடங்கியது. ஒரு பக்கத்தில் ஏழெட்டு வரிக்கு மேல் எழுத முடியாது. ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் சாப்பிடப் போனதும், வகுப்பை விட்டு வெளியேறுவதற்கு முன் எழுத ஆரம்பித்தேன். இரவு வரை தள்ளிப்போட்டால் நினைவு தானாகவே தலையை வாரிக்கொண்டு அழகாக வந்து நிற்கும். பதினொரு மணிக்கு எல்லாப் பாடமும் ஓரளவு நன்றாகவே நடந்திருக்கும்.

பெயர் எழுதக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தேன். நோட்டு எங்கேயாவது விழுந்தால்? உட்காரும் இடமே பெயராயிற்று: ஜன்னல் 3, கதவு 2, நடு 4. கெட்டிக்காரத்தனம்தான். மாதக் கடைசியில் வகுப்பாசிரியர் எல்லோரையும் இடம் மாற்றி உட்கார வைத்தபோது ஒரு வாரம் எனக்கே யார் யார் என்று புரியவில்லை.

அப்புறம் அந்தக் கழித்தல் கணக்கு.

இரண்டாம் ஆண்டு வகுப்பு, 1000 வரையிலான எண்கள். கடன் வாங்கிக் கழித்தல். நடு 4 கெட்டிக்காரன், வாய் ஓயாதவன், பெருக்கல் வாய்ப்பாட்டை ரயில் மாதிரி ஓட்டுவான். அவனுக்குக் கழித்தல் வரவில்லை. புத்தகத்தில் நான் எழுதியது: "செவ்வாய். நடு 4, கவனக்குறைவு." "வியாழன். நடு 4, மறுபடியும் கவனக்குறைவு, அவசரம்." அடுத்த வாரமும் அதே சொல். சனிக்கிழமை, நனைந்த துணி காயட்டும் என்று ஐந்தடியில் (கடை வரிசைக்கு முன்னால் உள்ள நடைபாதையில்) உட்கார்ந்திருந்தபோது புத்தகத்தைப் புரட்டினேன். நல்ல வேளையாக இரண்டு இடத்தில் அவன் எழுதிய விடையையும் குறித்திருந்தேன்.

53 – 27 = 34.
402 – 178 = 376.

கவனக்குறைவு என்றால் விடை தாறுமாறாக இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. 8இலிருந்து 2 போனால் 6. 7இலிருந்து 0 போனால் 7. 4இலிருந்து 1 போனால் 3. ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான், மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல். ஒரு பிசகும் இல்லாமல், மிகுந்த கவனத்தோடு, தப்பான ஒரு விதியைப் பின்பற்றியிருக்கிறான்.

சித்தியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவர், "நீயே எழுதி நீயே கண்டுபிடிக்கிற. அந்தப் பிள்ளைகிட்ட கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. மூன்று வாரமாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கேட்டேன். "இத எப்படிச் செஞ்ச, சொல்லு பாப்போம்." அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "பெரிய நம்பர்லருந்துதான் சின்ன நம்பரக் கழிக்க முடியும். நீங்கதான் சொன்னீங்க, டீச்சர்."

நான்தான் சொன்னேன். தடித்த நோட்டில் தேடினால் முதல் வாரத்துப் பக்கத்தில் இருக்கிறது: பீடிகையில், பாடத்தின் தொடக்கத்தில், என்ன சொன்னேன் என்று பெருமையாக எழுதி வைத்த வரி. இதற்கு ஒரு பின்கதை உண்டு. நான் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தது 2005இல். 2003இல் தொடங்கிய திட்டத்தின்படி கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படித்த தலைமுறை நாங்கள். எனக்குத் தமிழில் கணக்குச் சொல்லித் தந்தவர் யாரும் இல்லை. வகுப்பில் நின்று, தலைக்குள் ஓடும் ஆங்கிலத்தை அந்த நிமிஷமே தமிழாக்கிப் பேசிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் பாதி விதி வெளியே வந்தது, மீதி வரவில்லை. பிள்ளை நான் சொன்ன பாதியைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டான்.

பிறகு நூலகத்தில் தேடியபோது தெரிந்தது, இது உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற தவறுதான். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978லேயே கழித்தலில் வரும் இத்தகைய ஒழுங்கான தவறுகளைப் பட்டியல் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கணினி நிரலில் வரும் பிழை மாதிரி, பிள்ளையின் தலைக்குள் ஒரு வரி தப்பாக இருக்கும். அதன்படி விடை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தப்பாகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'கவனக்குறைவு' என்ற சொல்லைப் புத்தகத்திலிருந்து விலக்கிவைத்தேன். அது பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று மட்டும் சொல்கிறது.

சித்தி செம்பனை ஓலையைச் சீவி ஈர்க்கு விளக்குமாறு கட்டி விற்பார். ஒரு கட்டு ஈர்க்கைக் கேட்டு வாங்கி, விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டோம். பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. 402 வேண்டுமே, இரவு ஒரு மணி ஆயிற்று. மறுநாள் நடு 4இன் மேசையில் நான்கு பெரிய கட்டும் இரண்டு ஒற்றைக் குச்சியும் வைத்தேன். "இதுல எட்டுக் குச்சி எனக்குக் குடு." ஒற்றையில் இரண்டுதான் இருக்கிறது. பத்துக் கட்டைத் தேடினான், இல்லை. பெரிய கட்டை உருட்டி உருட்டிப் பார்த்தான். வளையத்தைக் கழற்றியதும் உள்ளேயிருந்து பத்துச் சின்னக் கட்டுகள் சரிந்தன. "உள்ள பத்துக் கட்டு இருக்கு லா, டீச்சர்!" ஒரு சின்னக் கட்டைப் பிரித்தான், கையில் பன்னிரண்டு குச்சி. எட்டை எண்ணி என்னிடம் தந்துவிட்டு நான்கை வைத்துக்கொண்டான். மிச்சம் ஒன்பது சின்னக் கட்டு, அதில் ஏழு எனக்கு. மூன்று பெரிய கட்டில் ஒன்று எனக்கு. 224. அந்தப் பூஜ்யம் ஒன்பதாக மாறுவதை அவன் கையால் பார்த்தான். அதைப் பலகையில் சாய்கோடு போட்டு ஒன்பது என்று நான் பத்து முறை எழுதியிருக்கிறேன்.

அத்தோடு முடிந்தது என்று எழுத ஆசைதான். அடுத்த திங்கட்கிழமை 300 – 126க்கு 226 என்று எழுதி வைத்திருந்தான். குச்சியை எடுத்து வைத்ததும் 174 என்றான், குச்சி இல்லாவிட்டால் பழைய விதி. மூன்று வாரம் இழுத்தது.

இன்னொரு விஷயம் என் வெட்கக்கேட்டைச் சொல்வது. ஒருநாள் புத்தகத்தை மேசைமேல் விட்டுவிட்டுச் சபைகூடலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஜன்னல் 3 பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை. "டீச்சர், ஜன்னல் 3ன்னா நான்தானே?" அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். "ஜன்னல் 3, சோம்பேறி. எழுதவே மாட்டேன் என்கிறான்." அவன் கோபப்படவில்லை, அழவும் இல்லை. "எனக்குப் பென்சில் இல்ல" என்று மட்டும் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டேன், ஏழு வயதுப் பிள்ளையிடம், வகுப்பில் நின்று. அதற்குப் பிறகு பிள்ளையைப் பற்றி அடைமொழி எழுதுவதில்லை. என்ன செய்தான், என்ன சொன்னான் என்று மட்டும். "ஜன்னல் 3, பத்து நிமிஷம் எழுதவில்லை" என்று எழுதியிருந்தால் ஏன் என்ற கேள்வி தானாக வந்திருக்கும். 'சோம்பேறி' என்று எழுதியதும் கேள்வி செத்துவிட்டது. பென்சில் டப்பா ஒன்றை மேசையில் வைத்தேன், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று. ஐந்தடிக் கடையில் ஒரு டஜன் வாங்கினால் ஆகும் செலவு ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய்.

ஆறாம் வாரம் இன்னொரு வேலை செய்தேன், யாரும் சொல்லித் தராதது. புத்தகத்தில் யார் யார் எத்தனை முறை வருகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணினேன். நடு 4க்கு 19 முறை. ஜன்னல் 3க்கு 11. ஐந்து பேர் ஒரு முறைகூட வரவில்லை. ஐவரில் நால்வர் பெண் பிள்ளைகள். சேட்டை இல்லை, தவறும் இல்லை, கையும் தூக்க மாட்டார்கள். வீட்டுப்பாடம் நேரத்துக்கு வரும். கதவு 2இன் குரலே எனக்கு ஞாபகத்தில் இல்லை. மறுநாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விடை எல்லாம் சரி. எப்படிச் செய்தாய் என்றால் பதில் இல்லை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்தது. அவளைத்தான் நான் ஒவ்வொரு நாளும் அந்த இருபத்து மூன்று பேரில் சேர்த்திருந்தேன். பயிற்சியில் இருக்கிற தம்பி தங்கைகள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இந்த எண்ணிக்கையை ஒரு முறை செய்து பாருங்கள். கால் மணி நேரம் போதும்.

டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1983இல் சொன்னதை எல்லோரும் படித்திருப்பீர்கள்: செயல் முடிந்த பின் சிந்திப்பது ஒன்று, செயலின் நடுவிலேயே சிந்திப்பது இன்னொன்று. விரிவுரையில் கேட்டபோது இரண்டாவது எனக்கு மந்திர வித்தை மாதிரி இருந்தது. வாயும் கையும் பாடம் நடத்தும்போது மூளை எங்கே சிந்திக்கும்? ஏழாம் வாரம், விரிவுரைஞர் பின்னால் உட்கார்ந்திருந்த நாளில் அது நடந்தது. திட்டப்படி குழு நடவடிக்கைக்குப் போகவேண்டிய நேரம். பிள்ளைகளின் பயிற்சி அட்டையில் வரிசையாக ஒரே மாதிரித் தப்பு விடைகள் கண்ணில் பட்டன, நடு 4இன் தம்பிமார்கள். கால் நடுங்கியது. நடவடிக்கையை நிறுத்திவிட்டு ஈர்க்குக் கட்டை எடுத்தேன். நாள் பாடத்திட்டத்தில் எழுதிய பாதி நடக்கவில்லை, முடிவுப் பகுதிக்கு நேரமே இல்லை. விரிவுரைஞர் நேர நிர்வாகத்தில் மதிப்பெண் குறைத்தார். குறைத்தது நியாயம்தான். ஆனால் அந்த விடைகளை நான் அடையாளம் கண்டது புத்தகத்தில் ஏற்கெனவே பல முறை எழுதிப் பார்த்திருந்ததால். ஓய்வு நேரத்தில் எழுதியது பாடத்தின் நடுவில் கண்ணாக மாறுகிறது. அந்த இரண்டு சிந்தனைக்கும் நடுவில் இருக்கிற பாலத்தை எந்த ஸ்லைடிலும் நான் பார்த்த ஞாபகம் இல்லை.

கோப்புக்குரிய சிந்தனை மீட்சியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எழுதத்தான் வேண்டும், கல்வி அலுவலகத்திலிருந்து வருபவர்கள் பார்ப்பார்கள். நான் எண்ணோடு ஒரு வரி கூட்டிக்கொள்கிறேன்: "5 பேர் பூஜ்யம் உள்ள எண்ணில் மறுகுழுவாக்கம் (கடன் வாங்குதல்) செய்யவில்லை, நாளை குச்சிக்கட்டுடன் மீண்டும்." இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. மறுநாள் என்ன செய்வது என்ற குழப்பமும் பாதி குறைகிறது.

இப்போது நான் வேறு ஊரில் நிரந்தர ஆசிரியை. முன்போல் தினமும் எழுதுவதில்லை. கூட்டம், போட்டி, விளையாட்டு நாள், இணையத்தில் ஏற்றவேண்டிய தரவு என்று இழுக்கிறது. புதனும் வெள்ளியும் மட்டும், ஓய்வு நேரத்தில், ஏழெட்டு வரி. கைப்பேசியில் எழுதிப் பார்த்தேன், சரிப்படவில்லை. திறந்ததும் வாட்ஸாப்பில் பள்ளிக் குழு கூப்பிடும். ஏழாவது 555 புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்காரம்மா, "என்ன டீச்சர், அவ்ளோ பேருக்கா கடன் குடுக்கிறீங்க?" என்று கேட்கிறார்.

போன புதன்கிழமைப் பக்கம் இது:

"கொள்ளளவு. லிட்டர், மில்லிலிட்டர். எல்லோரும் மைலோ டின், தண்ணீர் போத்தல் என்று சொல்ல, சுவர் 1 கேட்டாள்: 'எங்க தாத்தா பால் வாளி எத்தன லிட்டர் டீச்சர்?' எனக்குத் தெரியவில்லை. ரப்பர்ப்பால் எடுத்த வாளி இன்னும் வீட்டில் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை கொண்டு வரச் சொன்னேன். அளவு ஜாடி, துடைக்கத் துணி, மழை வந்தால் வேனில் எப்படி?"